மற்றவை அண்ணி எழுதியிருப்பாள்

சேசு மரி சூசை

பம்பாய்,
14 ஜூலை 1940

அன்பும் மரியாதையும் நிறைந்த பிரிஜெட் அண்ணிக்கு, நாத்தனார் பெர்னதெத் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். நீங்களும் அண்ணனும் மூத்தவள் பெட்டியும் கைக்குழந்தை யூஜினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கட்டிக்கொடுத்த புளிச்சாதம் பூனா வரைக்கும் தாங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்தி அம்மாளுக்கும் ஒரு கை கொடுத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரியத்தால் என்று நினைத்தேன், காரத்தால்.

பள்ளிக்கூடத்தில் மொத்தம் இருபது பேர். எல்லோரும் பி.ஏ. முடித்தவர்கள். பெண்கள் ஐந்து பேர்தான். "சமூக சேவைக்குப் படிப்பு எதுக்கு, மனசு இருந்தாப் போதாதா?" என்று ஜோகுபாளையத்தில் ஆளாளுக்குக் கேட்டார்களே, இப்போது கேட்டால் பதில் சொல்வேன். மனசு மட்டும் இருந்தால் கூட உட்கார்ந்து அழத்தான் முடியும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எந்த ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது, இதெல்லாம் யாராவது படித்துத்தானே ஆக வேண்டும்.

போன வாரம் முதல் தடவையாக எங்களை வீடு பார்க்க அனுப்பினார்கள். மில் தொழிலாளிகள் குடியிருக்கிற பெரிய கட்டடம், ஒரு மாடியில் இருபது அறை, ஓர் அறையில் ஒரு குடும்பம். ஒரு வீட்டுக்குள் போனால் வாயால் கேட்பதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டும் என்பார் எங்கள் ஆசிரியர். முதலில் அடுப்பு, அன்றைக்கு எரிந்ததா என்று. அப்புறம் குடிதண்ணீர், மூடி இருக்கிறதா என்று. படுக்கை எத்தனை, படுப்பவர்கள் எத்தனை. பிள்ளைகள் உடம்பில் என்ன உடுப்பு, காலில் என்ன. ஜன்னலில் என்ன தொங்குகிறது, சுவரில் என்ன தொங்குகிறது. அவர்கள் எதிரில் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது. வெளியே வந்த பிறகுதான் எழுத வேண்டும்.

முதல் வருஷத்துப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் நம் கன்னிமடத்துத் தாயார் புண்ணியத்தில் கிடைத்தது. இரண்டாம் வருஷத்துக்கு வேறு இடம் தேட வேண்டும்.

அண்ணனைத் தன் கையால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திருச்சியில் காலேஜில் இருந்த காலமெல்லாம் உங்கள் கடிதத்தின் அடியில் "மற்றவை அண்ணி எழுதியிருப்பாள்" என்று ஒரே வரி எழுதி டொமினிக் என்று போடுவார். வருஷம் நான்கும் அதே வரிதான். அது இல்லாவிட்டால் எனக்குக் கடிதம் வந்த மாதிரியே இருக்காது.

உங்கள் அன்பு நாத்தனார்,
பெர்னதெத்


சேசு மரி சூசை

ஜோகுபாளையம், பெங்களூர்,
3 ஆகஸ்ட் 1940

அன்புள்ள பெர்னதெத்துக்கு அண்ணியின் ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் சுகம். யூஜினுக்கு இரண்டு பல் முளைத்து, முதல் கடி எனக்கு.

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மாடி, பி.ஏ. படித்து, அதற்கு மேலும் ரயில் ஏறிப் போய்ப் படித்து, கடைசியில் ஊரார் அடுப்பை எட்டிப் பார்க்கிறாயா? அந்த வேலையைப் பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் துரையின் சம்சாரம் ஒரு பரீட்சையும் எழுதாமல் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஒரு டிப்ளமா வாங்கி அனுப்பு.

சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. பூசை முடிந்து கோவில் வாசலில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கழுத்து ஒரு விரல் உயரமாகிறது. "என் நாத்தனாரு பம்பாயில பி.ஏ.க்கு மேல படிக்கிறா" என்று சொல்லிவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் நடந்துவிடுவேன். அதற்கு மேல் என்ன படிக்கிறாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாதே!

மடத்துத் தாயார் தம் பள்ளிக்கூடத்தில் உனக்கென்று வைத்திருக்கிற டீச்சர் வேலைக்கு இன்னும் ஆள் வைக்கவில்லையாம். சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

உன் அண்ணனுக்குத் தையல் கடையில் மூச்சுவிட நேரமில்லை. யுத்தம் வந்தாலும் வந்தது, மிலிட்டரி யூனிபாரம் மலைமலையாகக் குவிகிறது. அடுத்த கடிதத்தில் எழுதுவார். நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. பம்பாயில் எண்ணெய் வைக்க மாட்டார்களாம், நீ வை.

அண்ணி,
பிரிஜெட்


சேசு மரி சூசை

பம்பாய்,
17 நவம்பர் 1940

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

உங்கள் மூன்று கடிதமும் வந்தன. மூன்றிலும் அண்ணனின் வரி இல்லை. நான் இவ்வளவு தூரம் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லையா? என் மேல் வருத்தமென்றால் திட்டியாவது எழுதச் சொல்லுங்கள். கடைசிக் கடிதத்தின் உறையைப் பிரித்தபோது கோந்தில் ஒரு துண்டுக் காக்கி நூல் ஒட்டியிருந்தது. கடையிலிருந்து அண்ணன் சட்டையில் வந்ததாக இருக்கும். அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். மில் மெஷினில் கை போன ஒருவருக்கு நஷ்ட ஈடு கேட்டு நான் மனு எழுதிக் கொடுத்தேன் அல்லவா? மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் தடவை கிடைத்துவிட்டது. அன்றைக்கு எனக்குப் பசியே எடுக்கவில்லை. அண்ணி, எனக்கு இந்த வேலைதான். வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டாம் வருஷத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன். மாதர் கல்வி நிதி என்று பெங்களூரில் சில பெரிய வீட்டு அம்மாக்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். பட்டம் வாங்கிய பெண் மேலே படிக்க வருஷத்துக்கு ஒருத்திக்குத்தான் கொடுப்பார்கள். அவர்களிடமிருந்து அனந்தலக்ஷ்மி அம்மாள் என்று ஒருவர் ஜனவரியில் நம் வீட்டைப் பார்க்க வருவார். மல்லேஸ்வரத்துக்காரர். பார்த்துவிட்டு அவர் எழுதுகிற ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நீங்கள் அவர் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். இது கிடைக்காவிட்டால் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். பாதிப் படிப்புக்கு டிப்ளமா இல்லை.

உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

பெர்னதெத்


சேசு மரி சூசை

ஜோகுபாளையம்,
28 ஜனவரி 1941

என் தங்க நாத்தனாருக்கு,

உன் அனந்தலக்ஷ்மி அம்மாள் வந்துவிட்டுப் போனார். ஜெயம் நமக்குத்தான். உன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வை, இன்னும் ஒரு வருஷம் அதற்கு வேலை இல்லை.

கேட்பதற்குப் பதில் சொன்னால் போதுமாம்! என்னை என்னவென்று நினைத்தாய்? நம் வீட்டுப் பெண்ணுக்காக ஒருவர் வீடு பார்க்க வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கா தெரியாது? என்னைப் பெண் பார்க்க உன் அம்மா தங்கவயலுக்கு வந்தபோது, எங்கள் அப்பா மைன்ஸ் துரை பங்களாவிலிருந்து பிரம்பு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் அம்மா, "அந்த நாற்காலி எங்கேம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொரு தடவையும் பிரம்பு பின்னக் கொடுத்திருக்கிறோம் என்பேன்.

உன் முதல் கடிதத்தை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டேன். நீ எழுதியிருந்த வரிசை மாறாமல் செய்தேன். அடுப்பை மெழுகிச் சுண்ணாம்பு அடித்து மூன்று பாத்திரம் ஏற்றினேன். இரண்டில் வெறும் தண்ணீர். குடிதண்ணீர்ப் பானைக்குப் பித்தளை மூடி. படுக்கைக்கு ஓஸ்வால்ட் வீட்டு இரும்புக் கட்டில், வெள்ளை விரிப்போடு. ஜன்னலுக்கு அவர்கள் வீட்டுப் பூப்போட்ட திரைச்சீலை. சுவருக்கு அவர்கள் வீட்டுக் கடிகாரம், கால் மணிக்கு ஒரு தடவை அடிக்கும். பீங்கான் கோப்பையும் அவர்களுடையதுதான். பெட்டிக்கு அவர்கள் வீட்டுப் பெண்ணின் கவுனும் ஷூஸும். ஷூஸ் கடித்தது, ஆனாலும் அழாமல் நின்றாள் பாவம். அன்றைக்கு யாராவது ஓஸ்வால்ட் வீட்டைப் பார்த்திருந்தால் உபகாரச் சம்பளத்தை அவர்களுக்குக் கொடுத்திருப்பார்கள்.

உன் அண்ணனுக்குக் கல்யாணக் கோட்டை மாட்டி, கடிகாரத்துக்குக் கீழே ஓஸ்வால்ட் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். இரவல் வாங்கினது ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் மனுஷர் அன்றைக்கு வீட்டிலேயே இருந்திருக்க மாட்டார்.

அம்மாள் நல்ல மாதிரி. சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆத்தை ரொம்ப நன்னா வெச்சுண்டிருக்கேள்" என்றார். உன் அண்ணனுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். "மிலிட்டரி டெய்லர் கடையில கட்டருங்க. சண்டைக் காலம், வேலை கொட்டிக் கெடக்குது" என்றேன். "பெர்னதெத் சம்பாதிச்சுத்தான் ஆகணும்னு இருக்கா?" என்றார். "ஐயோ, அவ காசு எங்களுக்கு எதுக்கும்மா? அவ நிம்மதியா படிக்கட்டும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, நீ சொன்ன மாதிரியே! கேக்கில் முட்டை இருக்கும் என்று தொடவில்லை. ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார்.

மடத்துத் தாயார் மறுபடி டீச்சர் வேலையைப் பற்றிக் கேட்டார். இனிமேல் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் வெற்றிக்கார அண்ணி,
பிரிஜெட்


பம்பாய்,
4 மார்ச் 1941

அண்ணிக்கு,

உபகாரச் சம்பளம் இல்லை என்று நிதியிலிருந்து பதில் வந்துவிட்டது. நான் கேட்டு எழுதியதால் ரிப்போர்ட்டின் நகலையும் அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலீஷில் இருக்கிறது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"கட்டில், திரைச்சீலை, சுவர்க் கடிகாரம், பீங்கான் கோப்பைகள் உள்ள வீடு. குடும்பத் தலைவருக்கு யுத்த காலத்தில் நல்ல வருமானம். பெண்ணின் சம்பாத்தியம் தேவையில்லை என்று வீட்டு அம்மாளே சொன்னார். மிகவும் கண்ணியமான குடும்பம். நம் உதவி இதைவிடத் தேவை உள்ள பெண்ணுக்குப் போக வேண்டும்."

உதவி தேவைப்படுகிற வீடா என்று பார்க்கத்தான் அவர் வந்தார். இது உங்களுக்குத் தெரியாதா? காய்கறிக்காரன் எடைக் கல்லைத் தூக்கும்போதே கண்டுபிடிக்கிறவர் நீங்கள். தெரியாமல் செய்தீர்கள் என்று நம்ப என்னால் முடியவில்லை. இரவல் சாமான் எதுவும் அண்ணனுக்குத் தெரியாது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அவர் தலைக்கு மேல் தொங்குகிற கடிகாரம் அவருக்குத் தெரியாதா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

டீச்சர் வேலை காத்திருக்கிறது என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினீர்கள். நான் அந்தச் சம்பளத்தைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தால் நல்லது என்று நினைத்திருந்தால், நேராகவே எழுதியிருக்கலாமே. நான் இங்கே ஒரு வருஷத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

இதை அண்ணனுக்குக் காட்டுங்கள். அவருக்கும் தெரியட்டும்.

பெர்னதெத்


சேசு மரி சூசை

ஜோகுபாளையம்,
15 மார்ச் 1941

பெர்னதெத்துக்கு,

தபசுக் காலத்தில் கோபப்படக் கூடாது என்று உன் கடிதத்தை நான்கு நாள் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். அப்படியும் கோபம் போகவில்லை. எழுதுகிறேன்.

உன் அண்ணனுக்குக் காட்டச் சொன்னாய். காட்டினாலும் அவரால் படிக்க முடியாது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. நீ ரயில் ஏறின மாதமே ஆபீஸர் கோட்டுத் துணி ஒன்றைக் கோணலாக வெட்டிவிட்டார். அன்றோடு கத்திரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைக்காரர் இரக்கப்பட்டு, தைத்த சட்டைகளை மடித்துக் கட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார். புரை முற்றின பிறகுதான் அறுக்க முடியும், இன்னும் ஒரு வருஷம் ஆகலாம் என்று கண்ணாஸ்பத்திரியில் சொல்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிழலாகத் தெரிகிறது. சுவரில் தொங்குகிற கடிகாரம் தெரியாது.

என் உறையில் ஒட்டி வந்த காக்கி நூல் என்னுடையது. சட்டைகளை வீட்டுக்கு வாங்கி வந்து பொத்தானுக்குத் துளை போட்டுக் காஜா எடுக்கிறேன். அந்த அம்மாள் வந்த அன்றைக்குச் சட்டை மூட்டை எல்லாம் ஓஸ்வால்ட் வீட்டுச் சமையலறையில் கிடந்தது. நீ அந்த நூலைப் பத்திரமாகப் புத்தகத்தில் வைத்தாய். அது எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணால் பார்க்கவா சொல்லிக்கொடுக்கிறார்கள் அங்கே?

இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது என்று உன் அண்ணன் பெட்டி தலையில் என் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். "தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு வந்து நிப்பா, பிரிஜெட். என் தங்கச்சிய எனக்குத் தெரியாதா?" என்றார். இன்றைக்குச் சத்தியத்தை மீறிவிட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். அதுவும் உன்னால்தான்.

இல்லாதவர்களுக்குத்தான் அந்தப் பணம் என்று நீ எனக்கு எழுதினாயா? நவம்பர் மாதத்துக் கடிதத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. வீடு பார்க்க வருகிறார்கள் என்று எழுதினாய். வீட்டைக் காட்டினேன். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் காட்டினேன்.

பணம் கிடைக்கவில்லை என்று மட்டும் உன் அண்ணனிடம் சொன்னேன். உன் சம்பளத்துக்கு ஆசைப்பட்டேன் என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

பிரிஜெட்


சேசு மரி சூசை

பம்பாய்,
23 மார்ச் 1941

என் அண்ணிக்கு,

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டது சரி. நான் அந்த வார்த்தையை எழுதவில்லை. நவம்பரில் எழுத உட்கார்ந்தபோது "ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு" என்று நிதியின் அச்சுத் தாளில் இருந்ததை அப்படியே எழுதத்தான் ஆரம்பித்தேன். நீங்கள் கோவில் வாசலில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பீர்களே, அது கண்ணில் நின்றது. உங்களுக்கு அதை எழுதக் கை வரவில்லை. எப்படியும் புரிந்துகொள்வீர்கள் என்று விட்டுவிட்டேன். இங்கே மாதத்துக்கு முப்பது வீட்டைப் பற்றி அந்த வார்த்தையைக் கூசாமல் எழுதுகிறேன், அண்ணி. என் வீட்டுக்கு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் கண்ணை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவர் என் மேல் கோபமாக இருக்கிறார் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை மே முதல் வாரம் முடிகிறது. முடிந்ததும் புறப்பட்டு வந்துவிடுகிறேன். மடத்துத் தாயாருக்கும் எழுதப் போகிறேன். ஜூனிலிருந்து டீச்சர் வேலையில் சேர்ந்துகொள்கிறேன். காஜா எடுப்பதை நிறுத்திவிடுங்கள், உங்கள் கண்ணும் போய்விடும். நான் வருத்தத்தோடு எழுதவில்லை. இதுதான் நியாயம்.

நான் முன்பு எழுதியதைத் தயவுசெய்து அடுப்பில் போடுங்கள்.

உங்கள்,
பெர்னதெத்


சேசு மரி சூசை

ஜோகுபாளையம்,
24 ஏப்ரல் 1941

அன்புள்ள பெர்னதெத்துக்கு அண்ணி எழுதுவது.

பாஸ்குப் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. உன் கடிதத்தை அடுப்பில் போட்டாயிற்று. நன்றாக எரிந்தது, காய்ந்த கடிதம்.

மடத்துத் தாயாருக்கு ஒன்றும் எழுதாதே. நான் சொல்வதை முதலில் கேள்.

பண்டிகை முடிந்த மூன்றாம் நாள், யூஜினை ஓஸ்வால்ட் வீட்டில் விட்டுவிட்டு, பஸ் மாறி மல்லேஸ்வரம் போனேன். கையில் ஆறு காக்கிச் சட்டை, ஒரு மூட்டை. ஏன் கொண்டுபோனேன் என்று கேட்காதே. வெறுங்கையோடு போய் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அந்த அம்மாள் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு தெரு சுற்றினேன். "யாரு பேக்கம்மா?", யார் வேண்டும் என்று வேலைக்காரி கன்னடத்தில் கேட்கிறாள். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அம்மாளே வெளியே வந்தார். "அம்மா, அன்னிக்கு நீங்க பாத்தது எங்க வீடு இல்லம்மா" என்றேன்.

"ஏன், விலாசம் மாறிப் போயிடுத்தா?" என்றார்.

"விலாசம் எங்களுதுதான். உள்ள இருந்தது எல்லாம் எரவல்."

எதிரிலேயே சட்டை மூட்டையை அவிழ்த்துக் காட்டினேன். உன் அண்ணன் கண்ணைச் சொன்னேன். பெட்டி காலில் ஷூஸ் கடித்ததைக்கூடச் சொன்னேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, பெர்னதெத். பொய் சொன்னேன் என்று சொல்லத்தான் போனேன், ஆனால் வெட்கம் பொய்க்காக இல்லை. அந்த அம்மாள் ஒரு சட்டையை எடுத்துக் காஜாவை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், "செருப்பு போட்டுண்டு வரேன், இப்பவே போலாம்" என்று கிளம்பிவிட்டார். "நாளைக்கு வாங்கம்மா, வீடு போட்டது போட்டபடி கெடக்குது" என்றேன். "அதைத்தான் பாக்கணும்" என்றார்.

அவருடைய ஜட்காவிலேயே இரண்டு பேரும் வந்தோம். வழியெல்லாம் உன் அண்ணனிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். வாசலிலேயே நிற்க வைத்து, "உள்ள அவரு இருக்காரு. சட்டைக்கு அளவு குடுக்க வந்திருக்கீங்கன்னு சொல்லிக்கிறேன்" என்றேன். சரி என்றார். உள்ளே உன் அண்ணன் பாயில் உட்கார்ந்து தடவித் தடவிச் சட்டை மடித்துக்கொண்டிருந்தார். அம்மாளுக்கு உட்கார அரிசிப் பெட்டிதான் இருந்தது. அதில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடிகாரம் மாட்டின ஆணியைப் பார்த்தார். வெல்லக் காப்பி கொடுத்தேன், நம் அலுமினிய டம்ளரில். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் பாதி குடித்தார். எனக்கு அந்தப் பாதி போதும்.

ஜட்காவில் ஏறும்போது, "ரிப்போர்ட்ல என்னன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

"ஏழைன்னே எழுதுங்கம்மா. ஆனா இங்கிலீஷ்ல எழுதுங்க. அவரு கேட்டா எனக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்லிடுவேன்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகையால் பரீட்சையை ஒழுங்காக எழுது. இந்த வருஷத்துப் பணத்தை இன்னும் ஒருத்திக்கும் கொடுக்கவில்லையாம், நிதியிலிருந்து பதில் வரும். அதற்கு முன்னால் படிப்பை விட்டுவிட்டேன் என்று நீ இங்கே வந்து நின்றால், நான் மல்லேஸ்வரம் போனதற்கு அர்த்தமில்லை. லீவுக்கு வா, தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறேன். ஜூனில் திரும்பிப் போகிற டிக்கெட்டோடு வா. இல்லாவிட்டால் கதவைத் திறக்க மாட்டேன்.

அண்ணி,
பிரிஜெட்


சேசு மரி சூசை

பம்பாய்,
15 ஜூன் 1941

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இந்தத் தடவை புளிச்சாதத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

நேற்று நிதியிலிருந்து கடிதம் வந்தது. கிடைத்துவிட்டது, அண்ணி! முழு வருஷத்துக்கும் கிடைத்துவிட்டது. அனந்தலக்ஷ்மி அம்மாளின் இரண்டாம் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலீஷில்தான் இருக்கிறது. ஒரு வரியை மட்டும் தமிழில் எழுதுகிறேன். "முதல் முறை நான் பார்த்தவற்றில் இந்த வீட்டுக்குச் சொந்தமானது அடுப்பு ஒன்றுதான். பீங்கான் கோப்பையை நம்பி, அந்த அம்மாளின் விரல்களில் இருந்த ஊசிக் காயங்களைக் கவனிக்கத் தவறினேன்."

ஏழை என்ற வார்த்தை ரிப்போர்ட்டில் இல்லை. இரண்டு தடவை தேடினேன்.

லீவில் வந்தபோது உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்து, கேட்காமலே ரயில் ஏறிவிட்டேன். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கலாம். நீங்கள் அழுத்தின அழுத்தலில் பேச்சு வரவில்லை. இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

இத்துடன் அண்ணனுக்கு ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் எழுத்தையும் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பு மையில் எழுதியிருக்கிறேன். ஆறே வார்த்தைதான் பிடித்தது. நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். நல்ல வெயிலில் அவர் கையில் கொடுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
பெர்னதெத்

அண்ணா,
கிடைத்துவிட்டது.
படிக்கிறேன்.
உங்கள் வரி வேண்டும்.


ஜோகுபாளையம்,
22 ஜூன் 1941

தங்கச்சிக்கு,

உன் தாளை நானே படித்தேன். மத்தியானம் வாசலில் உட்கார்ந்து படித்தேன். அதன் பின்பக்கத்திலேயே துணிக்குக் கோடு போடுகிற நீலப் பென்சிலால் எழுதுகிறேன். பெட்டி என் கையைப் பிடித்து வரி காட்டுகிறாள். கோணலாக இருந்தால் அவளைக் கேள். அண்ணி கடைக்குச் சட்டை கொடுக்கப் போயிருக்கிறாள். வருவதற்குள் பெட்டி இதைத் தபாலில் போட்டுவிடுவாள்.

அந்தக் கடிகாரம் ஓஸ்வால்ட் வீட்டுடையது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஏழு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் அடித்தது, அன்றைக்கு என் தலைக்கு மேல் அடித்தது. கண்தான் மங்கல்.

பண்டிகைக்கு அப்புறம் அளவு கொடுக்க வந்த அம்மாளின் குரலும் தெரியும். ஜட்கா பக்கத்தில் அண்ணி என்ன சொன்னாள் என்பதும் காதில் விழுந்தது.

தங்கவயல் நாற்காலி துரை வீட்டுடையது என்று நம் அம்மாவுக்கும் தெரியும். திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம் சொன்னார். "இல்லாத வீட்டுலயும் நம்ம உக்கார நாற்காலி தேடியிருக்காங்க பாரு, இதையே முடிச்சிரலாம்" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அண்ணி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். நீயும் எழுதிவிடாதே.

நன்றாகப் படி.

மற்றவை அண்ணி எழுதியிருப்பாள்.

டொமினிக்